களக்காடு போன ரிடெய்னர்

ஆனிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பாளையங்கோட்டையில் அந்த மாதம் தலை வாரிக்கொண்டு வெளியே கிளம்புவது வீண் வேலை. ஜெனோ பட்டறை வாசலில் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, கீழே செங்கல் வைத்து அமர்த்திவிட்டு, பைக் இன்ஜினின் தலையைத் திறந்து முன்னால் போட்டுக்கொண்டு குந்தியிருந்தான். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

"போச்சு," என்றான்.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து மக்ரூன் தின்றுகொண்டிருந்த ஷிபின், "என்னலே போச்சு?" என்றான்.

"ரிடெய்னர். நாலும் போச்சு."

ஷிபின் சமாதானபுரத்தில் பேக்கரி வைத்திருக்கிறான். ஜெனோவின் பைக்கை மண் ரேஸில் ஓட்டுகிறவன் அவன்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்குநேரிக்குத் தெற்கே பொட்டலில் ரேஸ்.

அது சாதாரண பைக் இல்லை. நிமிஷத்துக்குப் பதிமூன்றாயிரம் சுற்று சுற்றுகிற இன்ஜின். அந்த வேகத்துக்கு வால்வுகள் திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு வால்வையும் இழுத்து மூடுவதற்கு ஒரு ஸ்பிரிங் உண்டு. ஸ்பிரிங்கின் தலையில், கோட்டுப் பொத்தான் அளவில், நடுவில் ஓட்டை போட்ட ஒரு மூடி உட்கார்ந்திருக்கும். ஸ்பிரிங்கையும் வால்வையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அதன் பெயர்தான் ரிடெய்னர். அது விட்டுப்போனால் வால்வு உள்ளே விழும். விழுந்த வால்வை பிஸ்டன் அடிக்கும். அப்புறம் இன்ஜினைப் பழைய இரும்புக் கடையிலும் ஓட்டினவனைப் பெரியாஸ்பத்திரியிலும் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

"ஸ்பிரிங் உக்காருத விளிம்பைப் பாரு. படி வெட்டுன மாதிரி தேஞ்சிருக்கு," என்று ஜெனோ விரலால் தடவிக் காட்டினான். "ஆயில்ல சாம்பல் மாதிரி மினுக்குச்சுல்லா, அது பூரா இதுதான். போன ரேஸ் முடிஞ்ச கையோட தொறந்து பாத்திருக்கணும். எம்மேலதான் தப்பு."

"இரும்புல போட்டா தேயாதுன்னியே?"

"எஃகுன்னா தேயாதுதான், ஆனா கனம். வேகமா ஓடையில வால்வு பிந்தி மூடும். டைட்டானியம்னா எடை கொறையும்லா. நாலுக்கும் சேத்து முப்பது கிராம் மிச்சம்."

ஷிபின் இன்னொரு மக்ரூனை வாயில் போட்டான். இந்த முப்பது கிராமைக் குறைக்க ஜெனோ படாத பாடு படுவான். ஷிபின் ஒரு கிறிஸ்துமஸ் கேக் சீசனில் சத்தமில்லாமல் நாலு கிலோ ஏற்றிவிடுவான்.

"கவலப்படாத. ஆயிலைப் பாத்ததுமே பெங்களூர்ல சொல்லிட்டேன். புது செட் வருது," என்று ஜெனோ போனை எடுத்து, பார்சல் எங்கே வருகிறது என்று பார்த்தான். முந்தாநாளே வந்து சேர்ந்துவிட்டது என்று போட்டிருந்தது. வாங்கிக்கொண்டவர் கையெழுத்தும் இருந்தது: அ. அப்பாத்துரை, எம்.ஏ., பி.எட்.

ஜெனோ அந்தப் பெயரை மறுபடியும் படித்தான். அப்பாத்துரை சார் அவனுடைய மாமனார்.

அந்த வீடே சார் கட்டினதுதான். மாடியில் குடும்பம். கீழே கிழக்குப் பாதியில் மகள் ஸ்வீட்லினின் பல் ஆஸ்பத்திரி. மேற்குப் பாதியில், கார் நிறுத்துவதற்கென்று கட்டின ஷெட்டில், மருமகனின் பட்டறை. நடுவில் ஒரே ஒரு சுவர். ஒருநாள் கிழக்கே ஒருத்தருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது மேற்கே ஜெனோ பைக்கை முறுக்கினான். நோயாளி நாற்காலியை விட்டு எழும்பி ரோட்டுக்கு வந்துவிட்டார். அன்றைக்கே சார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்த ரேஸோடு பட்டறையை மூட வேண்டும். மாப்பிள்ளை, சாரின் தம்பி மகனுடைய ஷோரூமில் கழுத்துக்கு டை கட்டிக்கொண்டு மேனேஜராகப் போய் உட்கார வேண்டும்.

தீர்ப்பையும் நேரில் சொல்லவில்லை. மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. ஆரம்பத்திலிருந்தே அப்படிப் பழகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு, "பாப்பா, மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு ஆப்பம் வேணுமான்னு கேளு," என்பார் சார். "போதும்னு சொல்லு," என்பான் ஜெனோ. சாரின் கார் பேட்டரி செத்து ஒரு மாதமாயிற்று. மருமகனிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டுமே என்பதற்காகவே டவுன் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தார்.

ஜெனோ ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது சார் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மேசையைப் பார்த்துக்கொள்ளும் ஜெர்லின், அக்கா கல்யாணத்துக்காகப் புன்னக்காயல் போயிருந்தாள். உள்ளே ஸ்வீட்லின் ஒருவருக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டிருந்தாள். கையுறையோடு எட்டிப் பார்த்தாள்.

"உங்கப்பாட்ட கேளு, எனக்கு ஒரு பார்சல் வந்துச்சான்னு," என்றான் ஜெனோ.

"மாப்பிள்ளைக்கு ஒண்ணும் வரல," என்றார் சார் பேப்பரை இறக்காமல். "உனக்குத்தான் வந்துச்சு பாப்பா. ரிடெய்னர்னு போட்டிருந்துச்சு."

"எனக்கா? லேப்ல சொன்னது வர இன்னும் ரெண்டு நாளாகுமேப்பா."

"ஒன் ஆஸ்பத்திரி பேருதான் போட்டிருந்துச்சு."

"கொரியர்காரனுக்கு ஆஸ்பத்திரியைத்தான் தெரியும்னு நாந்தான் அப்படிப் போட்டேன்," என்றான் ஜெனோ சுவரிடம்.

"அந்தப் பார்சல் எங்கப்பா?"

சார் இப்போது பேப்பரை இறக்கினார். "நீதானளா சொன்ன, களக்காட்டுக்காரரு வந்தா ரிடெய்னரைக் குடுத்து அனுப்பிருங்கன்னு. வந்தாரு. குடுத்துட்டேன்."

பல்லுக்குக் கம்பி கட்டிக் கழற்றின பிறகு, பல் பழைய இடத்துக்கே திரும்பிவிடாமலிருக்க இரவில் ஒன்று மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். பல் டாக்டர்கள் அதற்கும் ரிடெய்னர் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். களக்காட்டு வாழை விவசாயி தேவேந்திரனின் மகள் இசக்கிப்பிரியா தன்னுடையதை ஜன்னலில் வைத்திருந்தாள்; அதை ஆடு கடித்துவிட்டது. பழைய அளவில் இன்னொன்று செய்து தருவதாக ஸ்வீட்லின் சொல்லியிருந்தாள்.

"அப்பா, அது பைக்குல போடுத ரிடெய்னரு!"

"முப்பது வருஷம் இங்கிலீஷ் நடத்துனவன் நான். ரிடெய்ன்னா வச்சுக்கிடுதது. பல்லை வச்சுக்கிடுததுக்கு ரிடெய்னரு. பைக்குல எதை வச்சுக்கிடும்?"

"வால்வ வச்சுக்கிடும்," என்றான் ஜெனோ. சுவர்தான் கேட்டுக்கொண்டது.

ஸ்வீட்லினுக்கு அப்போதுதான் அடுத்த சந்தேகம் வந்தது. "அவுங்க தொறந்து பாத்துட்டு போன் ஒண்ணும் பண்ணலியா?"

சார் கொஞ்சம் நெளிந்தார். "பண்ணுனாரு. 'சார், இது என்னமோ போல இருக்கே, பிள்ளை போட மாட்டேங்கா'ன்னாரு. நான் சொன்னேன், மொதல்ல அப்படித்தான் இருக்கும், போகப்போகப் பழகிரும், ராத்திரி முழுக்க வாயில கெடக்கணும், கழட்டவே கூடாதுன்னு. கொஞ்சம் கண்டிச்சுத்தான் சொன்னேன்."

"வாயிலயா? ஐயோ அப்பா, முழுங்கித் தொலைச்சிருந்தா?"

தேவேந்திரனுக்குப் போன் போட்டாள். அணைந்து கிடந்தது. உள்ளேயிருந்து வேர் சிகிச்சைக்காரர், வாய் நிறையப் பஞ்சோடு, "ஆ... ஆ..." என்று கூப்பிட்டார். ஸ்வீட்லின் தகப்பனையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் இப்பமே கெளம்புங்க," என்றாள். "எப்படிப் போவீயளோ தெரியாது. அந்தப் பிள்ளையைப் பாத்துட்டு எனக்குப் போன் போடணும்."

இருந்தது ஜெனோவின் ஸ்கூட்டர்தான். சார் பின்னால் ஏறி, மருமகன் மேல் கை படாமல், முதுகுக்குப் பின்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அசெம்பிளியில் நிற்பதுபோல இருந்தது. பாதி வழி தாண்டுவது வரை அந்த மரியாதை நின்றது. நாங்குநேரி பெரிய குளத்தை ஒட்டி வண்டி வந்ததும், மேற்கேயிருந்து காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. வண்டி ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்ந்தது. சார் கம்பியை விட்டுவிட்டு மருமகனின் வயிற்றை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"மாப்ளே, பைய ஓட்டும்வே!"

கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "சரி மாமா," என்றான்.

களக்காட்டில் மலை பூராவும் மேகம் மூடிக் கிடந்தது. சாரல் முகத்தில் தெறித்தது. தேவேந்திரன் வீட்டில் இல்லை, வயலில் இருக்கிறார் என்றார்கள். போனால், ஏத்தன் வாழைத் தோட்டத்துக்குள் மனுஷன் கோவணமும் தலைப்பாகையுமாக மரத்துக்கு மரம் ஓடிக்கொண்டிருந்தார். குலை தள்ளின மரங்கள். காற்று ஒரு பக்கம், குலையின் கனம் ஒரு பக்கம். முட்டுக் கொடுக்காவிட்டால் நடுவில் முறிந்துவிடும்.

"தேவேந்திரன், ஒரு நிமிசம்..." என்று ஆரம்பித்தார் சார்.

"சார்வாள், பேச நேரமில்ல. அந்தக் கம்பைப் பிடிங்க."

சார் கம்பைப் பிடித்தார். கவட்டை வைத்த கம்பைக் குலைக்குக் கீழே சாய்த்துக் கொடுத்து, அடியை மண்ணில் மிதித்து இறக்கி, மேலே நாரால் சுற்றிக் கட்ட வேண்டும். ஜெனோவுக்குக் கை வேலை பழக்கம்; இரண்டாவது மரத்திலேயே பிடிபட்டுவிட்டது. சார் மரத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்று வரும்போதெல்லாம் வாழையிலை அவர் முகத்தில் அறைந்தது. வெள்ளைச் சட்டையில் வாழைக்கறை வரி வரியாக விழுந்தது. அது எந்த சோப்புக்கும் போகாது.

"பிள்ளை எப்படி இருக்கா?" என்று இலைகளுக்கு மேலே கத்திக் கேட்டான் ஜெனோ.

"நல்லாத்தான் இருக்கா. ஸ்கூலுக்குப் போயிட்டு இப்பதான் வந்தா."

"அந்த ரிடெய்னரை முழுங்கிரலியே?"

"அவ சோத்தையே முழுங்க மாட்டா. அதைப் போயா முழுங்குவா? நல்லா மிதிங்க தம்பி, அடி ஆடுது!"

ஜெனோ அங்கேயே ஸ்வீட்லினுக்குப் போன் போட்டுச் சொன்னான். அந்த வரிசை முடிகிற வரைக்கும் தேவேந்திரன் அவர்களை விடவில்லை. முடிந்ததும், "இவ்வளவு தூரம் வந்து ஒத்தாசை பண்ணுன டாக்டர் வீட்டு ஆளுகளை நான் எங்கயும் பாத்ததில்ல," என்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அவர் மனைவி முத்துமாலை உளுந்தஞ்சோறு பொங்கியிருந்தாள். கறுப்பு உளுந்தும் பூண்டும் தேங்காயும் மணக்க, ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்து, பக்கத்தில் எள்ளுத் துவையலை உருட்டி வைத்தாள். நனைந்து வந்த இரண்டு பேரும் பேச்சில்லாமல் அள்ளிச் சாப்பிட்டார்கள். இசக்கிப்பிரியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்படிம்மா அதைப் போட்ட?" என்று ஜெனோ கேட்டான்.

"சூயிங்கத்தை மென்னு, அதுல வச்சு, மேல்பல்லுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டேன். ஒரு பக்கம் ரெண்டு, இன்னொரு பக்கம் ரெண்டு. தூங்கவே முடியல. வாயெல்லாம் எச்சி. எடுத்திருதேன்னு சொன்னேன், ஆஸ்பத்திரித் தாத்தா கழட்டவே கூடாதுன்னுட்டாவளாம். எந்தத் தாத்தான்னு தெரியல. சரியான கிறுக்குப் பிடிச்ச ஆளு போல."

சார் சோற்றில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். முத்துமாலை விவரம் புரிந்துகொண்டு, மகளை முறைத்துவிட்டு, சாரின் தட்டில் இன்னும் இரண்டு அகப்பை வைத்தாள்.

"ஒன்னோடது ரெண்டு நாள்ல வந்திரும்மா," என்றான் ஜெனோ. "இது பைக்குல போடுதது. எங்க இருக்கு?"

அவள் ஒரு டம்ளரைக் கொண்டுவந்தாள். அதற்குள் மூன்று ரிடெய்னர்கள், பேஸ்ட் போட்டுத் தேய்த்துக் கழுவி, பளபளவென்று கிடந்தன. ஜெனோ ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை.

"இன்னொண்ணு?"

தேவேந்திரன் தொண்டையைச் செருமினார். "தம்பி தப்பா நெனைக்கக் கூடாது. கையில எடுத்தா எடையே இல்ல. வெள்ளின்னா கனக்கணும்லா. இதென்ன தகரமா, பிள்ளை வாயில வைக்கலாமா கூடாதான்னு ஒரு சந்தேகம். கடைவீதியில ஆசாரிட்ட குடுத்து என்னன்னு பாக்கச் சொன்னேன்."

"பாத்தாரா?"

"சாணைக்கல்லுல வச்சாரு. மத்தாப்பு கெணக்கா வெள்ளைப் பொறி பறந்துச்சு. அவரே பயந்து கீழ போட்டுட்டாரு. 'இது நம்ம ஊரு உலோகமே இல்ல, கொண்டுபோயிரும்'னுட்டாரு." மாடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

விளிம்பில் ஒரு நகக்கண் அளவுக்குச் சாணை தின்றிருந்தது. ஜெனோ அந்த இடத்தை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, நாலையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

புறப்படும்போது தேவேந்திரன் ஒரு சீப்பு ஏத்தங்காயை ஸ்கூட்டரில் கட்டிவிட்டார். திரும்பும் வழியில் காற்று முதுகுப் பக்கம் இருந்தது. ஓரிடத்தில் சார் மருமகனின் தோளைத் தட்டினார்.

"அந்த வெட்டைத் தேச்சு மெருகு போட்டா வெளிய தெரியாதுல்லா?"

"தெரியாது மாமா."

"அப்ப போட்டிர வேண்டியதுதான. யாரு தொறந்து பாக்கப் போறா?"

ஜெனோ வண்டியை ஓரமாக நிறுத்தினான். அவனுக்கும் களக்காட்டிலிருந்து அதே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொருவர் வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு தப்பென்று தெரிந்தது. "இல்ல மாமா. இதுல வெட்டு விழுந்தா அங்கயிருந்து விரிசல் ஓடும். ஓட்டத்துல ரெண்டாப் பொளந்திரும். ஷிபினுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

சார் காற்றாலைகள் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்ப ஒம்ம ரேஸை நான் கெடுத்துட்டேன்."

"பாதிதான் கெடுத்திருக்கீய," என்றான் ஜெனோ. "நேரத்தோட பழசைத் தொறந்து பாக்காம விட்டது நான்தான. மிச்சப் பாதி என் கணக்கு."

சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். ஏத்தங்காய்ச் சீப்பும் சேர்ந்து குலுங்கியது.

பட்டறையில் பழைய எஃகு ரிடெய்னர்கள் ஒரு செட் கிடந்தது. ஜெனோ அதையே போட்டான். ஸ்பிரிங்கின் முனையில் இருந்த பிசிறைத் தேய்த்து மழுக்கி, ஒவ்வொன்றாக எண்ணெய் தொட்டு மாட்டினான். கனத்துக்குத் தக்கபடி இன்ஜின் இரண்டாயிரம் சுற்றுக் குறைவாகத்தான் ஓட வேண்டும் என்று கட்டுப்பாடும் போட்டான். ஷிபின் குதித்தான்.

"மத்தவன்லாம் பறந்துட்டுப் போவான். நான் என்ன, வீடு வீடாப் பால் ஊத்தப் போறேனாலே?"

"பால் ஊத்துதவன் முழுசா வீடு திரும்புதாம்லா. அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, பைபிளும் குடையுமாக சாரும் பொட்டலுக்கு வந்து நின்றார். ஸ்வீட்லினாலேயே நம்ப முடியவில்லை. செம்மண் புழுதி எழும்பிக் காற்றில் சுழன்றது. குடை முதல் நிமிஷத்திலேயே மேல்நோக்கி விரிந்துகொண்டது. பைக்குகள் கிளம்பின. முதல் வளைவில் ஷிபின் கடைசிக்கு முந்தினவனாகப் போனான். நேர்பாதையில் எல்லாரும் அவனை விட்டு ஓடினார்கள். மேடு பள்ளத்தில் அவன் ஒவ்வொருத்தராகப் பிடித்தான். சார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "முறுக்குலே! ஏலே, முறுக்குலே!" என்று கத்தினார். பக்கத்தில் நின்ற சபை மூப்பர் ஒருவர், தான் பார்த்ததை யாரிடமாவது சொன்னால் நம்புவார்களா என்ற முகத்தோடு நின்றிருந்தார்.

ஷிபின் ஐந்தாவதாக வந்தான்.

"ஐஞ்சாவதா? மூணாவது!" என்றார் சார். "நான் எண்ணிக்கிட்டே நிக்கேன்." அவர் நேராக மேடைக்குப் போனார். நடுவர்களிடம் இங்கிலீஷில் ஆரம்பித்து, தமிழில் இறங்கி, மறுபடி இங்கிலீஷில் ஏறினார். மைக்கைக் கேட்டார். கடைசியில் ஒருவர் செல்போனில் எடுத்த படத்தைப் போட்டுக் காண்பித்தார். சார் சுற்றுக்குச் சுற்றுக் கைதட்டி, தொண்டை கட்ட உற்சாகப்படுத்தி, மூன்றாவதாகக் கொண்டுவந்து சேர்த்தது நாகர்கோவில்காரன் ஒருத்தனை. அவனும் சிவப்புச் சட்டை.

சார் இறங்கி வந்தார். தொண்டை கரகரத்தது. "நாகர்கோவில் பையனும் நல்லாத்தான் ஓட்டுதான்," என்றார்.

திங்கட்கிழமை காலையில் ஜெனோ எழும்பியதும் பட்டறைக்குத்தான் போனான். இன்ஜினைத் திறந்து ரிடெய்னர்களைப் பார்த்தான். எஃகில் ஒரு தடம்கூட விழவில்லை. எண்ணெய் சுத்தமாக இருந்தது. பிறகு ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தான். தீர்ப்பு தீர்ப்புதானே. டை கட்டினால் எப்படி இருக்கும் என்று கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

தார்ப்பாயை ஒதுக்கிக்கொண்டு சார் உள்ளே வந்தார். தோளில் ஒரு பிரம்பு நாற்காலி. வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பெட்டியில என்னத்தவே அடுக்குதீரு? எடுத்து வெளிய வையும்," என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்வீட்லின், "அப்பா, ஆள் வந்திருக்காவ, இங்க வரலியா?" என்று கேட்டாள்.

"ஜெர்லின் வந்துட்டால்லா. அங்கன எனக்கு என்ன சோலி? நான் மாப்பிள்ளைகூட இருக்கேன்!"

ஜெனோவுக்குச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. ஷோரூமுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் இனிமேல் எட்டு மணிக்கெல்லாம் இந்த நாற்காலி இங்கே விழும், சாயங்காலம்வரை எழும்பாது என்பது அந்த உட்காருதலிலேயே தெரிந்தது.

அப்போது முருகன்குறிச்சியிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க வந்து நிறுத்தினார். ஜெனோ எழும்புவதற்குள் சார் நாற்காலியில் முன்னால் நகர்ந்து, "எத்தனை நாளா இருக்கு?" என்றார்.

"ஒரு வாரமா சார்."

"ராத்திரியில ஜாஸ்தியா, காலையில ஜாஸ்தியா?"

"காலையிலதான் சார். குளுந்து கெடந்தா ஒரு சத்தமும் வர மாட்டேங்கு."

"இனிப்பு நெறைய சாப்பிடுதீயளோ?"

வந்தவர் கொஞ்சம் யோசித்தார். "பெட்ரோலுதான் சார் ஊத்துதேன்."

சார் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு மருமகன் பக்கம் திரும்பி, "மாப்ளே, வாயைத் தொறந்து பாரும்," என்றார்.